டார்ட்டனில் அந்த 173 இழை

ஆசிரியருக்கு வணக்கம்.

சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்களின் நினைவாக ஸ்காட்லாந்தில் உருவான டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியைப் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை, நிறங்களுக்குச் சரியான விளக்கம் தந்திருந்தது. கறுப்பும் சாம்பலும் இருண்ட காலத்துக்கு, சிவப்பு ரத்தத்துக்கு, இளஞ்சிவப்பு வழக்குக் கட்டுகளைச் சுற்றும் நாடாவுக்கு. அந்த நாடாவைச் சேர்த்ததுதான் துணியிலேயே கூர்மையான இடம். விசாரணை நடத்தி, தீர்ப்பெழுதித்தான் கொன்றார்கள். "உயிரோடு எரித்தார்கள்" என்பது மட்டும் பிசகு. பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே உடலை எரித்தார்கள்.

கட்டுரை விட்டுவிட்டது நெசவை. சூனியச் சட்டம் 1563இல் வந்து 1736இல் நீங்கியது. அந்த 173 ஆண்டுக்குத்தான் கறுப்பு, சாம்பல் சேர்ந்த அகலப் பட்டையில் 173 இழை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 3,800 பேர், ஆறில் ஐந்து பங்கு பெண்கள். கொல்லப்பட்டவர்கள் 2,500 பேர் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

இந்த முறையில் நெய்து பார்க்க விரும்புவோருக்குச் சில விவரங்கள். பாவில் (நீளவாட்டு இழைகளில்) ஓடும் நிற வரிசை, அதே எண்ணிக்கையோடு ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்) வர வேண்டும். லுங்கிக் கட்டத்துக்குப் போடும் சாதா நெசவு உதவாது. பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது நாலு கட்டி, ஊடை இரண்டு பாவு இழைக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாக, வரிக்கு ஓர் இழை நகர்ந்து போக வேண்டும். அப்போதுதான் சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் சாய்கோடு விழும்.

கெடுவது பெரும்பாலும் அடியில்தான், அதாவது ஊடையைப் பலகையால் அடித்து நெருக்குவதில்தான். பலகையை மெதுவாக அடித்தால் 173 ஊடை முடிவதற்குள் கட்டம் நீண்டுவிடும். ஸ்கேல் வைத்து நெய்பவர் 150லேயே நிறுத்திச் சதுரமாக்கிவிடுவார். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் 23 ஆண்டு காணாமல் போயிருக்கும். இழையைக் குறைக்காமல் அடியை அழுத்த வேண்டும். அங்குலத்துக்குப் பாவில் எத்தனையோ, ஊடையிலும் அத்தனை. பாவில் அறுந்ததைப் பிணைக்காமல் ஓட்டினாலும் கணக்கு கெடும்.

தறியில் விறைப்பாக இருக்கும்போது கட்டம் பாவு வாட்டத்தில் சற்று நீளமாகவே தெரிய வேண்டும். இறக்கியதும் சுருங்கும், கம்பளி நூலானால் அலசியதும் இன்னும் சுருங்கும். ஆகவே முதலில் ஒரு முழு நிற வரிசையை மாதிரியாக நெய்து, அலசி, காயவைத்து அளந்த பிறகு அடியின் அழுத்தத்தை முடிவு செய்யுங்கள். கடையில் தொங்கும் பிரிண்ட் போட்ட பாலியஸ்டர் ஸ்கார்ஃபில் எண்ணுவதற்கு நிற இழையே கிடையாது.

நெசவுப் பயிற்றுநர்கள்,
சென்னிமலை