பால்வெட்டு முடிந்த பிறகு முகாம் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே. இரண்டு பசு வளர்க்கிறோம். கணவரும் நானும் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெட்டி முடித்து, சிரட்டைப் பாலைச் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து வீட்டுக்கு வரப் பதினொரு மணி ஆகிவிடும். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி முகாமோ காலை ஏழு மணிக்கே தொடங்குகிறது. நாங்கள் மாட்டை அவிழ்க்கும்போது டாக்டரும் ஐஸ் பெட்டியும் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் அப்படித்தான் ஒரு சுற்று எங்களுக்குத் தவறியது. சில வாரம் கழித்து ஒரு நாள் பெரிய பசு வைக்கோலைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக இறங்கியது. நாக்கைப் பிடித்துப் பார்த்தால் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. குளம்பிடுக்கிலும் புண், நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. மூன்றாம் நாள் கன்று போனது. அதன் வாயில் ஒரு புண்கூட இல்லை. பால் குடிக்கப் போன இடத்திலேயே சரிந்து விழுந்தது. இந்தக் கிருமி இளங்கன்றின் இதயத்தைத் தாக்கும் என்று அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பசு பிழைத்தது. ஆனால் எட்டு லிட்டர் கறந்தது பிறகு மூன்றைத் தாண்டவில்லை. லேசான வெயிலுக்கே இரைத்தது. சினையும் பிடிக்கவில்லை.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவச ஊசி. 2030க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஊசியின் பலன் ஏறக்குறைய ஆறு மாதம்தான். ஒரு சுற்றில் விடுபட்ட மாடு அடுத்த சுற்றுவரை பாதுகாப்பில்லாமல் நிற்கிறது, பக்கத்து வீட்டு மாட்டுக்கும் அதனால் ஆபத்து.

ஊசி போட்டால் பால் குறையும் என்று மாட்டை வெளியே விடாதவர்களும் எங்கள் ஊரில் உண்டு. இரண்டு மூன்று நாள் கொஞ்சம் குறைவது உண்மைதான், பிறகு சரியாகிவிடும். பால் சொசைட்டியில் வைத்து டாக்டரே ஒருமுறை இதைச் சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். எங்கள் மாவட்டம் வழியாகக் கேரளாவுக்குப் போகும் மாட்டு லாரிகள் ஆரல்வாய்மொழியில் நுழைந்து களியக்காவிளை வழியாக வெளியேறுகின்றன. பல சந்தைகளில் நின்ற மாடுகள் அவை, நோயைச் சுமந்து வரலாம். 1978ஆம் வருஷத்து விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்றும் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வால் முறிந்து, கண்ணில் நீர் வழியப் போகும் மாடுகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும். 1960ஆம் வருஷத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? அதை உயர்த்துவது டெல்லியின் வேலை. முகாம் நேரத்தை மாற்ற டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, மாவட்டத்திலேயே முடியும்.

திருவட்டாறு, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் ரப்பர் ஊர்களில் முகாமை மாலை நாலு மணிக்கு மேல் வையுங்கள். சாயங்காலப் பால் ஊற்ற எல்லாரும் வரும் சொசைட்டி வாசலில் வைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் ஊசி போடக் கூடாது என்பார்கள், சரி. ரப்பர் நிழலில் நாலு மணிக்கு மேல் வெயில் இருக்காது. மருந்தை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கத்தான் ஐஸ் பெட்டி இருக்கிறதே. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்களில் ஒரு சுற்று அமைந்தால் காலையிலேயே எல்லாரும் வீட்டில் இருப்போம். விடுபட்ட மாடுகளுக்கு இன்னொரு நாளும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கன்றுக்கு அடுத்த மாதம் நாலு மாதம் ஆகிறது. முதல் ஊசி போடும் வயது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது போட வேண்டும். அந்த இரண்டு நாளும் முகாம் மத்தியானத்துக்கு மேல் இருந்தால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.