எல்லாத் தீக்கும் மின்கசிவுதான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீ விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ‘மின்கசிவே காரணம்’ என்று முடிகின்றன. மின்கசிவு என்பது, கம்பி வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி, ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குச் செல்வது. வீடுகளில் அதற்கெனப் பொருத்தப்படும் சாதனம், பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஃபேஸ் கம்பியும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது ஷார்ட் சர்க்யூட். அதை எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும்.

இவ்விரண்டிலும் சேராதது தளர்ந்த இணைப்பு. அண்மையில் என் வீட்டு பிளக் பாயின்ட் ஒன்றைக் கழற்றியபோது, உள்ளே திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. கம்பியின் மேலுறை பழுப்பேறி, விரல் பட்டதும் நொறுங்கியது. செம்பு சிறந்த கடத்திதான். ஆனால் திருகுக்கும் கம்பிக்கும் இடையே அரை ஓம் மின்தடை உண்டானால்கூட, 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் அளவுக்கு மீறவுமில்லை, கசியவுமில்லை என்பதால் மேற்சொன்ன இரு சாதனங்களும் (விலை உயர்ந்தவையாகவே இருந்தாலும்) சும்மா இருக்கும்.

ஆகவே, விசாரணையில் காரணம் தெரியவரும்போது அதைப் பிரித்து எழுதுமாறும், தெரியாதபோது ‘மின்கோளாறு’ என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்