வேனின் கடைசி சீட்டிலிருந்து ஒரு நன்றி

சென்னை திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு தட்டிவிடுகிறது. ஜெர்மனியில் அப்போது பத்தரை. சனிக்கிழமையாக இருந்தால் வெளியூர் மேட்ச் முடிந்து, ஈரத் தலையோடு வேனில் ஏறும் நேரம். தூக்கம் வராத இந்த நேரத்தில் இந்த மடலை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று சீசன் அங்கே டேபிள் டென்னிஸ் ஆடினேன். சரத் கமல், சத்தியன் போன்றவர்கள் ஜெர்மனியில் ஆடியது பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஆடியது உச்சப் பிரிவில். நான் ஆடியது அதற்குப் பல படி கீழே, ஊல்ம் நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் கிளப்புக்கு. அரங்கம் என்றால் பள்ளிக்கூட ஜிம்தான். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை, அதாவது இருக்கிற குளிர் முழுவதும், வாரக் கடைசிகளில் மேட்ச். அணிக்கு நான்கு பேர், இரண்டு டபுள்ஸ், எட்டு சிங்கிள்ஸ். டீசல் செலவை மிச்சப்படுத்த சனிக்கிழமை ஓர் ஊர், ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஊர் என்று சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே வந்த காலோடு மேஜைக்கு முன்னால் நின்றால், முதல் செட்டில் கால் நம் பேச்சைக் கேட்காது.

முதல் சீசன் வேறு கிளப்பில். எந்த கிளப் என்பது வேண்டாம். அவர்கள் வெளியூர் மேட்சுக்கு என்னைத் தனியாக ரயிலில் வரச் சொல்வார்கள், டிக்கெட் காசை அப்புறம் தருவார்கள், சில சமயம் தரமாட்டார்கள். நவம்பரில் ஒரு ராத்திரி, முதல் ரயில் தாமதமாகி, மாற வேண்டிய கடைசி ரயில் போய்விட்டது. பெயரே வாயில் நுழையாத ஒரு ஸ்டேஷனில் நான், கிட்பேக், பூட்டிய காத்திருப்பு அறை. போனில் ஆறு சதவீதம் சார்ஜ். எதிர்ப்பக்கம் கபாப் கடையை மூடிக்கொண்டிருந்த துருக்கிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி மேலே தூக்கினார். காலை ரயில் வரும்வரை ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடி டம்ளரில் டீ மேல் டீ. அவர் மனைவிக்கு போன் செய்து, கடையில் ஒரு பெண் இருக்கிறாள், லேட்டாகும் என்று சொல்லியிருக்கிறார் போல. பத்து நிமிடத்தில் அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. உங்கள் இருவரின் பெயரையும் கேட்காமலே ரயில் ஏறிவிட்டேன். முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்த சீசன் ஊல்முக்கு வந்தேன். வேன் இருந்தது, ஓப்பா இருந்தார்.

ஓப்பா என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. எனக்கு அது பாதி நேரம் ‘அப்பா’ என்றுதான் காதில் விழும். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. சம்பளம் கிடையாது. சாதாரண கார் லைசென்ஸுக்கு ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர்வரைதான் ஏற்றலாம் என்பதால் ஒன்பது சீட் வேன். அதில் கடைசி வரிசை எனக்கு, காலை நீட்டிக்கொள்ள. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியே தீருவார். இறங்கி, லாரிகளுக்கு நடுவே பத்து நிமிடம் ஸ்கிப்பிங் ஆட வேண்டும், மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நெடுஞ்சாலையில் காசு போட்டால்தான் கழிப்பறைக் கதவு திறக்கும். அதற்கென்றே ஒரு ஜாம் பாட்டிலில் சில்லறை சேர்த்து வைத்திருப்பார். பேட்டை டிக்கியில் போடவே விடமாட்டார். குளிரில் ரப்பர் விறைத்துப் போனால் பந்து செத்ததுபோல் எழும்பும். பேட் எப்போதும் உள்ளே, எங்கள் கோட்டுக்கு அடியில்.

அந்த வேனில் நான் முதலில் கற்ற ஜெர்மன் சொல் ‘ஷ்டாவ்’. டிராஃபிக் ஜாம். சொல்லிக்கொடுத்தவர் ஓப்பா. லைப்சிக் பக்கம் போன அன்று, நானூறு கிலோமீட்டருக்கு மேல், அந்தச் சொல்லை நான்கு தடவை கேட்டேன். மேட்சுக்கு முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். இன்னொரு ஜனவரியில், ஸ்டுட்கார்ட் பக்கமிருந்து திரும்பும்போது, மலை ஏற்றத்தில் பனி கொட்டி முன்னால் லாரிகள் வழுக்கி நின்றுவிட்டன. மூன்று மணி நேரம் அசையவில்லை. அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஆளுக்கொரு கம்பளியை எடுத்தார், ஒருவரும் கேட்காமலே. ஊல்ம் தேவாலயத்தின் கோபுரம் 161.5 மீட்டர். ராத்திரி திரும்பும்போது அது தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அன்று பனியில் அது தெரியவே இல்லை. விடிகாலையில் என் வாசலில் இறக்கிவிட்டு, மாடியில் என் ஜன்னலில் விளக்கு எரியும்வரை வேன் நகரவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் ஆறு பேர் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். இடியப்பம், சம்பல், வெந்தயம் மணக்கும் சொதி. கொடுத்தது அக்கா.

அக்காவைப் பார்த்தது ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு மேட்சில். இரண்டு சிங்கிள்ஸும் தோற்றுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் அழுதுகொண்டிருந்தேன். மகளைப் பக்கத்து ஹாலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் விட வந்தவர், நான் போனை வைக்கும்வரை சற்றுத் தள்ளி நின்றிருந்தார். “பிள்ளை, நீங்கள் தமிழோ? ஏதும் சாப்பிட்டனீங்களோ?” எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வேன் போனாலே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பை காத்திருக்கும். “வான்ல வச்சுச் சாப்பிடுங்கோ. டிரைவர் ஐயாவுக்கும் குடுங்கோ.” ஓப்பா இடியப்பத்துக்கு ‘ஒட்டிக்கொண்ட நூடுல்ஸ்’ என்று பெயர் வைத்தார். பொங்கலுக்கு ஒரு மேட்ச் இருந்தது, அன்றும் பை வந்தது, சர்க்கரைப் பொங்கலோடு. இந்த ரயில், வேன் அலைச்சலைப் பற்றி ஒருநாள் நான் புலம்பியபோது, “நாங்கள் வந்த பயணம் வேறை, பிள்ளை” என்றார். அவ்வளவுதான். மேலே அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பாடு என்றதும் இன்னொருவர். நான் சைவம். அந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு சாலட்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, பல வீடுகளில் மாட்டிறைச்சி வேகவைத்த சாறு ஊற்றித்தான் பிசைவார்கள். எனக்கு அது தெரியவந்தது இரண்டாவது தட்டில். எதிரணி கிளப்பில் கேன்டீன் பார்த்துக்கொண்ட அம்மா என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போனபோது மூடிபோட்ட ஒரு கிண்ணம், மேலே ஒட்டிய காகிதத்தில் என் பெயர், எழுத்துப் பிழையோடு. காய்கறிச் சாறு ஊற்றியது. அன்று அவர்கள் அணியை நாங்கள் தோற்கடித்தோம். அப்படியும் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் கிளப்பில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் மனிதரைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். எந்த கம்பெனிப் பந்து, எந்த மேஜை என்பதை உள்ளூர் அணிதான் முடிவு செய்யும். பந்து எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்று சுழலை வாங்கும், இன்னொன்று வழுக்கிக்கொண்டு போகும். அந்த வித்தியாசத்தில் ஒரு செட்டே போய்விடும். அவர் ஓர் அலமாரியில் ஒவ்வொரு கம்பெனிப் பந்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, எந்த ஊரில் எது என்று வெளியே எழுதி ஒட்டியிருந்தார். வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனால் சனிக்கிழமைப் பந்து மேஜையில் தயாராக இருக்கும். வெளியூரில் நான் ஜெயித்த மேட்சுகளில் கால்வாசியாவது அவர் கணக்கு.

என் டபுள்ஸ் ஜோடிக்கு: மார்ச் கடைசி ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? அங்கே அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். போன் தானாக மாறிவிட்டது, நான் நம்பியது தலைமாட்டில் இருந்த அம்மாவின் அலாரத்தை. நீ மாடியேறி வந்து கதவைத் தட்டி, திட்டாமல் என் ஷூவைத் தேடி எடுத்தாய். வேனில் ஏறியதும் திட்டினாய், நாற்பது கிலோமீட்டர். இரண்டுக்கும் நன்றி.

விசா காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னோடு அலுவலகம் அலுவலகமாக வந்த கிளப் தலைவர், வீட்டுக்காரம்மா, இங்கே என் கோச், அம்மா, அப்பா, உங்களுக்கெல்லாம் நேரில்.

இதைத் தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தம்பி கேட்டான். அக்காவின் மகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஜெர்மனில் சொல்வாள். கிளப்பில் எல்லாரையும் உட்காரவைத்து அவளைப் படிக்கச் சொல்வதாக அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். கண்ணா, ‘கடைசல்’ என்று எழுதாமல் ‘லேத்’ என்று எழுதியது உனக்காகத்தான்.

அப்புறம் அக்கா, உங்கள் சொதி டப்பாவின் நீல மூடி என் கிட்பேக்கின் பக்கப் பையில் இருந்தது. நேற்றுத்தான் பார்த்தேன். டப்பா அங்கே, மூடி இங்கே. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி சீட்டுக்காரி