சாத்தானுக்குச் சொந்தமாக ஒரு சுரம்கூட இல்லை

அன்புள்ள மகள் ஜெபாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் உன் பர்மிங்ஹாம் பிராட் ஸ்ட்ரீட் பாலத்தில் பிளாக் சபாத் என்ற ராக் குழு ஆட்களின் படம் போட்ட பெஞ்சு இருக்கிறதே, அதில் உட்கார்ந்து நீ எடுத்த போட்டோ நம் குடும்ப குரூப் வரைக்கும் வந்துவிட்டது. பெரியம்மா உடனே போன் போட்டு, "பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினது இதுக்குத்தானா?" என்று கேட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நீ அனுப்பிய பாட்டுகளை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்டாயிற்று. அவர்களிடம் பேசுவதற்கு முன் உனக்கு எழுதிவிடுகிறேன்.

பெரியம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் வாலிபர் கூட்டத்தில் இருந்த காலத்தில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து, ராக் பாட்டு கேசட்டைத் திருப்பி ஓட்டினால் பிசாசைத் துதிக்கிற சத்தம் வரும் என்றார். ஓட்டியும் காட்டினார். எங்களுக்குக் கேட்டது வெறும் "ஷ்வூப் ஷ்வூப்". அவர் சொன்ன பிறகு அதுவும் ஏதோ வார்த்தை மாதிரிதான் இருந்தது. அமெரிக்காவில் அப்போது இது பெரிய பேச்சு. 1985இல் அவர்களுடைய செனட்டிலேயே ராக் பாட்டுகளின் வரிகள் குறித்து விசாரணை நடந்தது. அந்த அலையின் கடைசித் துளி நம் ஊர் வரைக்கும் வந்து தெறித்தது என்று வைத்துக்கொள்.

அந்தக் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1970ஆம் வருஷத்துப் பாட்டை எடுத்துக்கொள்வோம். மழைச் சத்தம், கோயில் மணி, அப்புறம் அந்த மூன்று சுரம். நீ கித்தாரைக் கேட்கிறவள், நான் கீபோர்டுக்காரி. ஆலய கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். கீழ் ஜி, மேல் ஜி, அப்புறம் சி ஷார்ப். அவ்வளவுதான். அப்பா உள்ளே இருந்து, "கீபோர்டு ரிப்பேரா?" என்று கேட்டார். ஜி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஆறு அரைச்சுர தூரம். கீழ் ஜி-யிலிருந்து மேல் ஜி வரைக்கும் உள்ள ஓர் ஆக்டேவின் சரிபாதி. இதற்குத்தான் மேல்நாட்டில் "இசையில் இருக்கும் பிசாசு" என்று பழைய பட்டப்பெயர். இடைக்காலத்தில் சபையே இதைத் தடை செய்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பாடகர் குழுவுக்குப் பாடக் கஷ்டம் என்று தவிர்த்தார்கள், அவ்வளவே.

இதே இடைவெளியை நீ எத்தனை வருஷம் ஆலயத்தில் பாடியிருக்கிறாய் தெரியுமா? சி மேஜரில் ஒரு பாமாலைப் பாட்டு முடிகிற இடத்தில் ஜி செவன்த் என்ற கார்டு, அதாவது நாலு சுரம் சேர்ந்து ஒலிக்கிற கூட்டு, வரும். அதற்குள் பி-யும் எஃப்-பும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவிலும் அதே ஆறு அரைச்சுரம்தான். பி மேலே ஏறி சி-க்குப் போகும், எஃப் இறங்கி ஈ-க்கு வரும், பாட்டு வீடு வந்து சேரும். நீ பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும்போது அந்த எஃப்-ஐ விட்டு இறங்காமல் இழுத்துக்கொண்டு நிற்பாய், நான் கீபோர்டிலிருந்து தலையை ஆட்டுவேன், ஞாபகமிருக்கிறதா? நம் சங்கீதத்துக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரமும் அதேதான். அப்படிப் பார்த்தால் கல்யாணி ராகத்துக்குள்ளேயே பிசாசு குடியிருக்க வேண்டும். கல்யாணியைக் கேட்டு யாராவது பயந்து ஓடியிருக்கிறார்களா?

பிளாக் சபாத் செய்தது என்னவென்றால், அந்த சி ஷார்ப்பை இறங்கவும் விடவில்லை, ஏறவும் விடவில்லை. வீடு திரும்பாமல் நடுரோட்டில் நிறுத்திவிட்டார்கள். பயம் அங்கேதான் பிறக்கிறது. சுரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

இதைத்தான் பழைய சபைப் பிதாவான பரிசுத்த அகுஸ்தீன் வேறு வழியில் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். அவர் வாலிபத்தில் ஒன்பது வருஷம் மானிக்கேயர்களோடு இருந்தவர். நன்மை, தீமை இரண்டும் ஆதியிலிருந்தே மோதிக்கொள்ளும் இரண்டு வல்லமைகள் என்பது அவர்கள் போதனை. அதிலிருந்து வெளியே வந்த பிறகு அவர் சொன்னது, தீமைக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது, நன்மை குறைந்துபோன இடம்தான் தீமை என்று. உண்டாக்கப்பட்டதெல்லாம் நல்லது, கெட்டுப்போவதும் அந்த நல்லதுதான். அப்படியென்றால் சாத்தானுக்குச் சொந்தமாக ஒரு சுரம்கூட இல்லை. அவன் வாசிப்பதெல்லாம் இரவல். பெரியம்மாவுக்கு நான் சொல்லப்போகிற முதல் பதில் இது. 'இந்த இசையே பிசாசுடையது' என்று சொல்கிறவர்கள், தெரியாமலே மானிக்கேயர் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

அந்தப் பாட்டின் வரிகளையும் பார்த்தேன். கறுப்பு உருவம் ஒன்று தன்னைச் சுட்டிக்காட்டி நிற்க, ஒருவன் நடுங்கிக்கொண்டு கடவுளைக் கூப்பிடுகிறான். இதில் பிசாசுக்குத் துதி எங்கே இருக்கிறது? அந்தக் குழுவின் பெரும்பாலான வரிகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. மாந்திரீகப் புத்தகங்களில் மூழ்கிக் கிடந்த நாட்களில் ஒரு ராத்திரி தன் கட்டிலருகே கறுப்பு உருவம் நிற்கக் கண்டு மிரண்டுபோனவர். அதே குழு 1971இல் தேவனை மறுதலிக்கிறவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஒரு பாட்டையும் போட்டிருக்கிறது. அதை ஏன் யாரும் குரூப்பில் அனுப்புவதில்லை?

இதில் என்னை ரொம்பத் தொட்டது அந்தக் குழுவின் கித்தார்காரர் டோனி அயோமியின் விரல்கள். பதினேழு வயசுப் பையன், உன் பர்மிங்ஹாமில் தகரப் பட்டறை வேலை, அன்றைக்கு வேலையை விட்டுப் போகிற கடைசி நாள். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடக்கைக்காரர் ஆகையால் கம்பியை அழுத்துகிற விரல்களே அவைதான். பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். கம்பி விரலை அறுக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட சத்தத்தில் ஒரு பங்கு இந்தக் காயத்திலிருந்து வந்தது. விரலால் வாசிக்கிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அவர்கள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்த கதை, குடி, போதை எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவற்றை அவரே ஒளிக்கவில்லை. 2025 ஜூலை கடைசியில் அவருடைய இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்றபோது ஜனங்கள் போட்ட பூக்களை வீடியோவில் பார்த்தேன். ஊர்ப்பிள்ளை செத்தால் ஊர் அழும், அதற்கு இறையியல் தேவையில்லை.

இனி நீ விரும்பிக் கேட்கும் பிளாக் சபாத்தின் "வார் பிக்ஸ்". 1970, வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏழைப் பிள்ளைகளைச் சாகக் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ளும் தளபதிகளைச் சூனியக்காரிகளோடு ஒப்பிட்டு ஆரம்பித்து, நியாயத்தீர்ப்பு நாளில் அவர்கள் முழங்காலில் ஊர்வதில் முடிகிறது. ஏழைகளை நசுக்கினவர்களைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசி கேட்டால் தலையாட்டுவார். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. பாட்டு முழுக்கத் தீயவர்கள் வேறு யாரோ. கேட்கிற நானும் நீயும் கைதட்டலாம், நம்மேல் ஒரு தூசியும் படாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் "சிம்பதி ஃபார் தி டெவில்" (பிசாசுக்கு அனுதாபம்) பெயரைக் கேட்டதும் பெரியம்மா காதைப் பொத்திக்கொள்வார்கள். நீகூட "அது சும்மா ஷோ அம்மா" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1968இல் வந்தது. அதில் சாத்தான் கொம்பு முளைத்து வரவில்லை, நன்றாக உடுத்திய கனவானாக வந்து மரியாதையாக அறிமுகம் செய்துகொள்கிறான். "சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே" என்று பவுல் எழுதியது அப்படியே இருக்கிறது. பாட்டு உருவாகிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான், முன்பே சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார். ஒரு கென்னடியைப் பற்றி இருந்த வரியை இரண்டு கென்னடிகளுக்கும் பொருந்தும்படி மாற்றினார்கள். அவர்களைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சாத்தான் சொல்லும் பதில், நீங்களும் நானும் சேர்ந்துதான் என்பது. பழியை முழுசாக ஏற்க மறுக்கிற பிசாசு! ஏதேனில் ஏவாள் என்ன சொன்னாள்? "சர்ப்பம் என்னை வஞ்சித்தது, நான் புசித்தேன்." அதற்குச் சர்ப்பத்தின் எதிர்வாதம் போலவே இருக்கிறது இந்தப் பாட்டு.

அடுத்த வருஷமே இதற்கு உதாரணம் வந்தது. 1969 டிசம்பர் 6, கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்ற இடத்தில் இசை விழா. சுமார் மூன்று லட்சம் பேர். இடத்தையே இரண்டு நாளுக்கு முன்புதான் மாற்றியிருந்தார்கள். மேடை தாழ்வு, அதன் முன்னால் காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல், எங்கும் குடி, போதை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே மெரிடித் ஹண்டர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பினப் பையன் குத்திக் கொல்லப்பட்டான். சாத்தான் பாட்டு பாடும்போது நடந்தது என்று பத்திரிகைகளில் வந்து, இன்றுவரை ஜனங்கள் அப்படியே சொல்கிறார்கள். உண்மையில் அப்போது ஓடியது வேறு பாட்டு. ஆனால் பாட்டின்மேல் பழி போட்டால் சௌகரியம் பார்: ஏற்பாடு செய்தவர்களும் தப்பினார்கள், குத்தினவர்களும் தப்பினார்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்களும் தப்பினார்கள்.

நம் சபையும் இதில் சளைத்ததில்லை. ஒரு பிள்ளை கறுப்பு டீஷர்ட் போட்டால் ஜெபக்குறிப்பு எழுதுகிறார்கள். கல்யாண விளம்பரத்தில் 'மறுபடியும் பிறந்த, இன்ன சாதிப் பெண் தேவை' என்று போடுவதற்கு யாரும் உபவாசம் இருந்து நான் பார்க்கவில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்வேனா என்று கேட்காதே. அவர்கள் வீட்டில் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

உன்னையும் நான் விடப்போவதில்லை. "சர்ச்சுக்குள்ள எல்லாரும் வேஷக்காரங்க, அதனால போறதில்ல" என்று போன தடவை சொன்னாய். சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அது வார் பிக்ஸ் பாட்டின் வசதி. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதின பவுல் 'அவர்கள்' என்று எழுதவில்லை, 'நான்' என்றுதான் எழுதினார். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய "ஹர்ட்" எனக்குப் பிடித்ததும் அதனால்தான். அது அவர் எழுதினதில்லை, நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994இல் போட்டது. ஊசி, வலி, வெறுமை என்று போகிற அந்தப் பாட்டை 2002இல் எழுபது வயதில் கேஷ் எடுத்தார். அசலில் கிரீடத்தோடு வரும் ஓர் அசுத்தமான சொல்லை எடுத்துவிட்டு முள்முடி ஆக்கினார். மாற்றம் அவ்வளவுதான். வீடியோவில் நடுங்குகிற கையால் விருந்து மேசையின்மேல் திராட்சரசத்தைச் சிந்துகிறார். நடுநடுவே, தானே முன்பு எடுத்த இயேசு படத்திலிருந்து சிலுவையில் அறையும் காட்சிகள். பின்னால் படியில் நின்று பார்க்கும் மனைவி ஜூன் அடுத்த மே மாதத்தில் இறந்தார், செப்டம்பரில் இவரும் போய்விட்டார். அந்தப் பாட்டில் பழி போட வேறு ஆளே இல்லை.

யூ2 என்ற ஐரிஷ் ராக் குழுவின் பாடகர் போனோ செய்ததும் இதற்குப் பக்கத்தில் வரும். "சண்டே பிளடி சண்டே" 1972இல் வட அயர்லாந்தின் டெரியில் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றவர்களைப் பற்றியது. ஐரிஷ்காரருக்கு அதைப் பாடுவது சுலபம். 1987 நவம்பர் 8 அன்று என்னிஸ்கில்லனில் போர் நினைவு ஆராதனைக்குக் கூடியவர்கள்மேல் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு குண்டு வைத்து அன்றே 11 பேர் செத்தார்கள். அன்றிரவு டென்வர் மேடையில் அதே பாட்டின் நடுவே, தூரத்திலிருந்து புரட்சி பேசும் தன் இனத்தாரைப் பார்த்தே அவர் கொதித்தார். அதே நாளில் கார்டன் வில்சன் என்ற துணி வியாபாரி, இடிபாட்டுக்குள் தன் கையைப் பிடித்தபடி பேசிய மகள் மரியைப் பறிகொடுத்துவிட்டு, அவர்கள்மேல் எனக்கு வன்மம் இல்லை, அவர்களுக்காக ஜெபிப்பேன் என்று பிபிசியிடம் சொன்னார். போனோவின் கோபமும் வேண்டும், வில்சனின் ஜெபமும் வேண்டும். எனக்கு இரண்டாவது வருமா என்று தெரியவில்லை. உன்னைப் பற்றி நினைத்தால் வராது என்றே தோன்றுகிறது.

ஒரு உதவி செய். அந்தத் துப்பாக்கிச்சூட்டுப் பாட்டில் ஆரம்பிக்கிற 1983 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 40ஆம் சங்கீதம். "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்" என்ற இடம். அதற்குக் கார்டு எழுதி அனுப்பு. அறுப்பின் பண்டிகைக்கு வாலிபப் பிள்ளைகளைப் பாட வைக்கலாம் என்றிருக்கிறேன். பாட்டு யாருடையது என்று போதகர் ஐயர் கேட்டால் தாவீதுடையது என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லையே.

அன்புடன்
அம்மா