நீ செத்ததாகச் சொன்ன டப்பா

அன்புள்ள சீனு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடைசி மெயிலுக்கு நான் பதில் போடவில்லை என்று நம் நண்பன் ஃபியூஸிடம் போய்ப் புலம்பினாயாம். அவன் அதற்குக் கை கால் வைத்து என்னிடம் சொல்லிவிட்டான். சரி, திட்டு வாங்கியாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு மாறும்போது ஓர் அட்டைப்பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புகிற எக்ஸ்10 சாமான்கள் எல்லாம் போட்டு, "எதுவும் வேலை செய்யாது" என்று மேலே சீட்டு ஒட்டி? அதிலிருந்த வெள்ளை டப்பா, கணினிக்கும் வீட்டு மின்கம்பிக்கும் நடுவில் நிற்குமே அந்த சிஎம்11, சாகவே இல்லையடா. இத்தனை காலமும் உன்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நீதான் காது கொடுக்கவில்லை.

முதலில் உன் சுத்தபத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இரண்டு ஏஏஏ பேட்டரிகளை அப்படியே விட்டிருக்கிறாய். கசிந்து, பச்சை பூத்து, ஸ்பிரிங்கோடு ஒட்டிப்போயிருந்தது. சுரண்டி எடுத்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத்தான் புது பேட்டரி போட முடிந்தது. கேபிளையும் காணோம். நானே செய்துகொண்டேன். ஒரு பக்கம் தொலைபேசி பிளக் மாதிரி ஆர்ஜே11, மறுபக்கம் ஒன்பது பின். நாலே கம்பிதான்: ஒன்பது பின் பக்கத்தில் 2, 3, 5, 9. இரண்டும் மூன்றும் பேச்சுக்கு, ஐந்து கிரவுண்ட், ஒன்பது ரிங். டப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணினியை அந்த ரிங் கம்பியால் கூப்பிடலாம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இப்போதைய கணினியில் சீரியல் போர்ட் ஏது? யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் போட்டேன். பேசுகிற வேகமும் முறையும்: 4800 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் ஒன்று.

உன்னை மாதிரி எடுத்த எடுப்பில் விளக்குப் படம் போட்ட நிரலை ஓட்டவில்லை. வெறும் டெர்மினலைத் திறந்து, வருகிற பைட்டுகளை ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படை எண்கள், 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை) காட்டச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் ஏ5 என்று வந்தது. ஒரு நொடி கழித்து இன்னொரு ஏ5. அப்புறம் இன்னொன்று. பக்கம் நிறைய ஏ5.

அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? "கரண்ட் போய் வந்துவிட்டது, இப்போது மணி என்ன?" அவ்வளவுதான். 9பி என்று ஆரம்பித்து, பின்னால் ஆறு பைட்டுகளில் நேரத்தையும் நாளையும் சொல்ல வேண்டும். சொல்கிற விதம்தான் வேடிக்கை. மணியை இரண்டால் வகுத்து 0 முதல் 11 வரைக்கும், நிமிடத்தை 0 முதல் 119 வரைக்கும் தர வேண்டும். மாலை 5:20 என்றால் மணி 8, நிமிடம் 80! யார் மண்டையில் உதித்ததோ. அனுப்பினேன். ஏ5 நின்றது. திரை அமைதியானதும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மீனா, "லாட்டரி விழுந்ததா?" என்று கேட்டாள்.

அப்புறம் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. நான் 04 66 என்றேன், அதாவது "ஏ1 முகவரியில் இருக்கிற விளக்கே, உன்னைத்தான்." அது இரண்டையும் கூட்டி 6ஏ என்றது. கூட்டல் சரிதான் என்று நான் 00 போட்டேன். கம்பியில் அனுப்பி முடித்துவிட்டு, தயார் என்று 55 சொன்னது. அடுத்து 06 62, "எரி." 68 வந்தது, 00 போட்டேன், மறுபடி 55. ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறது. நம் பழைய ஸ்டோர் கீப்பர் ஞாபகம் வந்தாரா?

ஒரே ஓர் இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். டப்பாவுக்குக் கம்பியிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் 5ஏ என்று கூப்பிடும், நாம் சி3 என்று பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஜி1 என்ற முகவரியை அனுப்பினால் 04-ஐயும் 56-ஐயும் கூட்டி அதே 5ஏதான் வரும். கூட்டலைச் சொல்கிறதா, கூப்பிடுகிறதா என்று நிரல் குழம்பிப்போகும். 16 வீட்டெழுத்து, 16 எண், ஆக 256 முகவரிகள் இருக்கின்றன. அந்த ஒன்றை விட்டுவிட்டால் குடி முழுகிவிடாது.

இத்தனை மரியாதையான பேச்சுக்குப் பிறகும் விளக்கு எரிகிறதா என்பது டப்பாவை எங்கே செருகினோம் என்பதைப் பொறுத்தது. உன் பழைய மேசைப் படத்தில் இருந்த மாதிரியே, கணினியும் யுபிஎஸ்ஸும் மானிட்டரும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் வேண்டுமென்றே செருகிப் பார்த்தேன். டப்பா 55 சொல்லிற்று, விளக்கு அசையவில்லை. பிடுங்கி நேராகச் சுவர் பிளக்கில் போட்டேன். விளக்கை மாட்டியிருந்த மாட்யூலுக்குள் டக் என்று ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) சத்தம், விளக்கு எரிந்தது. மறுபடி போர்டில் போட்டால் ஒன்றுமில்லை. உன்னை இத்தனை நாள் ஆட்டிப்படைத்த பேய் இதுதான்.

காரணம் உனக்கு உடனே பிடிபடும். இந்த டப்பா, மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுகிற நேரத்தில், ஒரு மில்லிநொடிக்கு 120 கிலோஹெர்ட்ஸில் கம்பியில் ஒரு கீச்சுக் குரல் கொடுக்கிறது. குரல் இருந்து அடுத்த பூஜ்யத்தில் இல்லாவிட்டால் 1, மாறி வந்தால் 0. கணினியின் பவர் சப்ளையிலும் ஸ்பைக் கார்டிலும் இரைச்சலை வடிகட்ட லைனுக்குக் குறுக்கே கெபாசிட்டர் இருக்குமல்லவா? 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கு அது சுமார் 32,000 ஓம் தடை, இருப்பதே தெரியாது. 120 கிலோஹெர்ட்ஸுக்கோ வெறும் 13 ஓம். போன குரலெல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். கட்டளை போடுகிற கணினியே தன் கட்டளையை விழுங்கிவிடுகிறது! இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மாடி வேறு ஃபேஸ் என்பதால் அங்கே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதற்கு ஃபேஸ்களுக்கு நடுவில் குரலைக் கடத்துகிற ஒரு கப்ளர் வேண்டும். மெயின் போர்டில் கை வைக்கிற வேலை, எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இப்போதைக்கு விட்டுவிட்டேன். பழைய டிம்மர் மாட்யூலில் எல்.இ.டி. பல்பு போட்டால் நடுங்குகிறது, அதனால் ரிலே வைத்த மாட்யூல் மட்டும். அதிலும் அணைத்த பிறகு பல்பு லேசாக மினுங்குகிறது. யாராவது கையால் சுவிட்ச் போடுகிறார்களா என்று பார்க்க மாட்யூல் உள்ளேயிருந்து விடுகிற துளி மின்னோட்டம்தான் அது.

1975-இல் ஸ்காட்லாந்தில், கிளென்ராதிஸில் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் யோசித்தது இது. கால்குலேட்டர் சிப் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பத்தாவது வேலை என்பதால்தான் எக்ஸ்10 என்று பெயர். புதிதாக ஒரு கம்பியும் இழுக்காமல் வீடு முழுக்கப் பேசலாம் என்று அப்போதே தோன்றியிருக்கிறதே!

சரி, விளையாட்டு போதும். இதையெல்லாம் நான் எதற்கு ஆரம்பித்தேன் என்று நீ கேட்பாய். அப்பாவுக்காக.

அவருக்கு இப்போது இருட்டில் கண் சரியாகத் தெரிவதில்லை. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறபோது சுவரைத் தடவிக்கொண்டே போகிறார். இரவு விளக்கு போட்டால் தூக்கம் வராது என்று அணைத்துவிடுவார். யாரையும் எழுப்பவும் மாட்டார். போன மாதம் வழியில் கிடந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டார். பெரிய காயமில்லை. ஆனால் அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை சீனு. முழங்காலில் இருந்த கறுப்பைப் பார்த்து மீனாதான் கண்டுபிடித்தாள்.

உன் பெட்டியில் ஒரு மோஷன் சென்ஸார் இருந்தது. கட்டிலுக்குக் கீழே அதை வைத்து, அவர் காலைத் தரையில் வைத்ததும் நடைவழி விளக்கு எரிய வேண்டும் என்று திட்டம். கணினி கேட்டுக்கொண்டிருக்கும், ராத்திரியா பகலா என்று பார்க்கும், அப்புறம் கட்டளை போடும். எழுதிவிட்டேன், வேலையும் செய்தது. அவரும் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, "இது அந்த மீசைக்காரன் சாமானா? அப்போ ஜாக்கிரதை" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்தக் கம்பிப் பேச்சு எவ்வளவு மெதுவென்று கணக்குப் போட்டுப் பார். முகவரிக்கு மின்சார அலையின் 11 சுற்று, அதை இரண்டு தடவை, நடுவில் மூன்று சுற்று இடைவெளி, பிறகு கட்டளைக்கும் அதே 22. மொத்தம் 47 சுற்று. 50 ஹெர்ட்ஸில் அது 0.94 நொடி. சென்ஸார் சொல்வதற்கு ஒன்று, கணினி பதிலுக்குக் கட்டளை போட இன்னொன்று, நடுவில் அந்த 5ஏ, சி3, கூட்டல் சரிபார்ப்பு எல்லாம். விளக்கு எரிய இரண்டு நொடிக்கு மேல் ஆகிவிடுகிறது. நமக்கு அது ஒன்றுமில்லை. இருட்டில் எழுந்து நிற்கிறவர் அதற்குள் இரண்டடி வைத்துவிடுவார்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. டப்பா 55 சொல்வது "அனுப்பிவிட்டேன்" என்பதற்குத்தான், "விளக்கு எரிந்தது" என்பதற்கு அல்ல. இந்தச் சாதாரண மாட்யூல்கள் கேட்கும், பதில் சொல்லாது. யாரோ ஒருவர் ராத்திரி ஒரு சார்ஜரைச் செருகிவிட்டால் போதும், குரல் அமுங்கிவிடும். கணினித் திரையில் மட்டும் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். அந்த மஞ்சள் படத்தை நம்பி நான் நிம்மதியாகத் தூங்குவேன். இதை யோசித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் தலைகீழாக மாற்றிவிட்டேன். சென்ஸாரின் ரேடியோவை வாங்குகிற டிரான்ஸீவர் இருக்கிறதல்லவா, அதிலேயே ரிலேயோடு ஒரு பிளக் உண்டு. நடைவழி விளக்கை அதிலேயே நேராகச் செருகிவிட்டேன். ரேடியோ வந்த மாத்திரத்தில் விளக்கு எரிகிறது. மின்கம்பியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். டிரான்ஸீவர் அதே செய்தியைக் கம்பியிலும் போடுவதால் கணினிக்கும் காதில் விழுகிறது, ஆனால் அதற்கு இப்போது குறிப்பெழுதுகிற உத்தியோகம் மட்டும்தான். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், திரும்பி வந்தாரா என்று எழுதி வைக்கும். காலை ஒன்பது வரை சென்ஸாரிடமிருந்து ஒரு சத்தமும் வராவிட்டால், பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்று என் போனுக்குச் செய்தி அனுப்பும். சுவர் சுவிட்ச் பழையபடியே இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மீனா, "கட்டில் தலைமாட்டில் ஒரு டூ-வே சுவிட்ச் வைத்தால் போதாதா?" என்றாள். நியாயமான கேள்விதான். அப்பா அதைப் போட மறந்துவிடுவார் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் அதையும் வைக்கப்போகிறேன்.

நீ "இண்டர்நெட்டில் ஓடுகிற பல்பு வாங்கு, வேலை முடிந்தது" என்பாய், தெரியும். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சேவையகங்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோனதை மறந்துவிட்டாயா? மின்கம்பியும் ரேடியோவும் சேர்ந்து பேசி, போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் சொல்கிற நல்ல முறை அது. 2005-இல் வந்தது, எக்ஸ்10 செய்யாததை எல்லாம் செய்தது. அன்றைக்குப் போன் செயலியை நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். இன்ஸ்டியான் மோடத்தை வீட்டுக் கணினியோடு நேராக இணைத்து வைத்திருந்தவர்களுக்கு விளக்கு எப்போதும்போல் எரிந்தது. பிறகு ஜூனில் வாடிக்கையாளர்களில் சிலர் சேர்ந்து அதை வாங்கி மீட்டார்கள் என்பது வேறு கதை. அப்பா பாத்ரூம் போவதற்கு எங்கோ இருக்கிற ஒரு கணினி விழித்திருக்க வேண்டும் என்பதை என் மனசு ஒப்பவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். உன் அம்மா தனியாக இருந்தபோது நீ ஏதோ ஏற்பாடு செய்தாய், பிறகு அதைக் கழற்றிவிட்டாய் என்று ஞாபகம். ஏன் கழற்றினாய்? சரியாக வேலை செய்யவில்லையா, அவருக்குத்தான் பிடிக்கவில்லையா? அப்பா எழுந்த நேரத்தையெல்லாம் கணினி குறித்து வைப்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ அவரிடம் பேசினால் கேட்பார், என்னிடம் சண்டைக்கு வருவார்.

இன்னொன்று. டிரான்ஸீவரில் வீட்டெழுத்தைத் தேர்ந்தெடுக்கிற ஹவுஸ் கோடு சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது, எப்போது போகும் என்று சொல்ல முடியாது. உன் பரணில் இன்னொன்று கிடந்தால் கூரியரில் போடு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போன் செய், அப்பா தூங்கி எழுந்திருப்பார்.

அன்புடன்,
செல்வம்