வெளுத்த பவளத்துக்கு விளக்கைக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த குறிப்பில், மென்பவளம் (கல்கூடு கட்டாத, சதைப்பற்றான பவள உயிரி) நிறம் மங்கினால் தொட்டி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வெயிலுக்கு இது ஆபத்தான யோசனை.

‘நிறம் போய்விட்டது’ என்று சொல்லும்போதே இரண்டு வேறு கோளாறுகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அதன் நிறம் பழுப்பு. வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுப்பது அதுதான். அது வெளியேறினால் பவளம் வெளுக்கும். அளவு மீறிப் பெருகினால் பச்சையும் ஊதாவும் அமுங்கி, பவளம் காப்பித்தூள் நிறத்துக்கு வரும். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுக்கும்.

இரண்டும் இல்லாமல், நிறம் முதலிலேயே இல்லாத பவளமும் உண்டு. கண்டாங்கிச் சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறவர்கள், பவளத்தை மட்டும், மங்கியதையும் பளிச்சென்று காட்டும் கடையின் நீல விளக்கடியில் பார்த்து வாங்கிவந்துவிடுகிறார்கள். வாங்கும்போதே வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

வெளுத்திருந்தால் முதலில் தெர்மாமீட்டர். காலையில் அல்ல, பிற்பகல் மூன்று மணிக்கு. 25, 26 டிகிரி செல்சியஸ் நல்லது. 30 டிகிரியில் நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளத் தொடங்கும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் வெப்பத்தால்தான். சூடேறிய தொட்டியில் விளக்கையும் கூட்டினால், திணறிக்கொண்டிருக்கும் பாசி இன்னும் வேகமாக வெளியேறும். முற்றத்தை ஒட்டி வளவில் தொட்டி வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் சித்திரை வெயில் நேரே கண்ணாடியில் இறங்கும். தடித்த சுவருள்ள உள்ளறையே சரியான இடம். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குபவர்கள் அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்து மூடுகிறார்கள். தான் கக்கிய சூட்டையே அது மறுபடி உறிஞ்சும், தண்ணீர் குளிராது, கரண்ட் பில் மட்டும் ஏறும்.

சில்லர் இல்லையென்றால் நீர்ப்பரப்பில் சின்ன ஃபேன் வைத்து 2, 3 டிகிரி குறைக்கலாம். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். 100 லிட்டரில் நாளுக்கு 3 லிட்டர் குறைந்து, மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 38 கிராமைத் தாண்டும். பவளம் சுருங்குவதற்கு அதுவே போதும். குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் தினமும் ஈடுகட்டுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீர் போதாதா என்கிறார்கள். குடிப்பதற்குப் போதும். அதில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 50 இருக்கலாம், தொட்டிக்கு வேண்டியது 0. ஆர்.ஓ.வுக்குப் பின் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் கிடைத்துவிடும். வாரம் 10 லிட்டர் மாற்ற, உப்பின் வகையைப் பொறுத்து 350 முதல் 380 கிராம் வரை ஆகும். இங்கே குறிப்பாக ஒரு எச்சரிக்கை: வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பித்தளை அண்டாவிலோ செப்புத் தவலையிலோ உப்பைக் கரைக்காதீர்கள். உப்புநீரில் செம்பு கரையும். பவளத்துக்கும் இறாலுக்கும் அது விஷம். உணவுத்தர பிளாஸ்டிக் டிரம் போதும். (ஆத்தங்குடித் தரையில் சிந்தினால் உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், வெள்ளை பூக்கும்.)

வெப்பமும் உப்பும் சரி, ஆனாலும் வெளுப்பு என்றால் பவளம் பட்டினியாக இருக்கலாம். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கவேண்டும் என்று ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) பாஸ்பேட் உறிஞ்சியையும் இரவுபகலாக ஓட்டி, பாசிக்கு உரமான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். மென்பவளத்துக்கு நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை வேண்டும். உறிஞ்சியை எடுத்துவிட்டு, மீனுக்கு இரை கொஞ்சம் கூட்டினாலே போதும்.

பழுப்பேறியிருந்தால் கதை தலைகீழ். நைட்ரேட் 25ஐயும் பாஸ்பேட் 0.2ஐயும் தாண்டியிருக்கலாம். உறைந்த இரையைக் கரைத்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவது வழக்கமான குற்றவாளி; வடிகட்டிப் போடுங்கள். விளக்கின் மேல் படிந்த உப்புப் படலத்தையும் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பழுப்பு மாறவில்லை என்றால் மட்டும் விளக்கைக் கூட்டுங்கள், அதுவும் வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மஷ்ரூம் வகைப் பவளத்துக்குக் குறைந்த வெளிச்சமே பிடிக்கும்; லெதர் வகைப் பவளம் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

லெதர் பவளம் மெழுகுபோல் படலம் போர்த்தி, மங்கி, ஒரு வாரம் பத்து நாள் மூடிக்கிடந்தால் அது நோயல்ல, தோலுரிப்பு. நீரோட்டத்தைச் சற்று அதன் பக்கம் திருப்பிவிட்டால் படலம் போய்விடும். அதே லெதர் நீரில் விடும் ரசாயனம் பக்கத்துப் பவளங்களை வாட்டும் என்பதால், அதை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறமூட்டும் என்று விற்கிற பாட்டில்களைப் பற்றி எழுத இடம் வீண்.

வெளுத்தாலும் சதை கெட்டியாக, பாலிப்கள் (பவளத்தின் மேலுள்ள பூப்போன்ற சிறு வாய்கள்) விரிந்து இருந்தால் பிழைக்கும். வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும். கூழாகி நாறும் பகுதியை மட்டும் கூரிய பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம்: சோவாந்தஸ் என்ற பொத்தான் போன்ற பவள வகைகள் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு, அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி பராமரிப்போர் சிலர்,
காரைக்குடி