பீகிள் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக, ‘பிளாட்டுக்குத் தோதான குட்டி நாய்’ என்று பீகிள் வாங்குவோரும் பெருகிவிட்டார்கள். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் என்பதால் அஸ்தம்பட்டி வட்டாரத்தில் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான்: “சார், நாங்க ஆபீஸ் போனதும் ஊளையிட்டு அபார்ட்மென்ட்டையே கூட்டிடுது.”

ஊளையிடாமல் என்ன செய்யும்? இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். 1830-களில் எசெக்ஸில் பாதிரியார் ஹனிவுட் திரட்டிய வேட்டைக் கூட்டத்திலிருந்துதான் இன்றைய பீகிள் உருவானது என்பார்கள். குதிரையில்லாமல் நடந்தே போகும் வேட்டைக்காரர்களுக்கு, புதருக்குள் புகுந்த நாய் எங்கே என்று சொல்வது அதன் குரல்தான். அதனால் குரல் வளமுள்ளதாகப் பார்த்துப் பெருக்கினார்கள். கூட்டமாகவே திரிந்ததால் சண்டைக்குணம் குறைவு, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். தனிமையைத்தான் பொறுக்காது. காலையில் பூட்டிவிட்டு இருட்டியபின் திரும்பும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நம் நாட்டு வேட்டை நாய்களான கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணில் பட்டதைத் துரத்துபவை. பீகிளுக்கு மூக்குதான் எல்லாம். வாசனை பிடித்துவிட்டால் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாது. இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், ‘பாவம், ஓடட்டும்’ என்று பகோடா பாயின்ட் பக்கம் அவிழ்த்துவிடுகிறார்கள். முயல் தடத்தைப் பிடித்துக் காபித் தோட்டத்துக்குள் நுழைந்தால் எதிரே காட்டெருமை நிற்கலாம். மார்புப் பட்டையும் நீளக் கயிறும் கட்டாயம். வீடு திரும்பியதும் தொங்கும் காதைத் தூக்கி ஈரம் துடையுங்கள். காற்று புகாத காது அது. மலைப் பனி தங்கினால் நாற்றமெடுத்துச் சீழ் பிடிக்கும். விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீனிதான் பெரிய தலைவலி. 33 முதல் 40 செ.மீ. உயரமுள்ள நாய்க்கு 10, 11 கிலோ எடை போதும். எங்கள் தெருவில் ஒன்று 18 கிலோ. மாலை நடையில் அதை வளர்க்கும் ஐயா தின்னும் தட்டுவடை செட்டில் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே வெங்காயம், காய்த் துருவல் வைத்த நம்மூர்த் தீனி) அதற்கும் பங்கு! வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். செட்டில் அதற்குக் குறைவே இல்லை. மாம்பழக் காலத்தில் கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்து, அறுவை சிகிச்சை வரை போவதும் உண்டு.

ஆனால் இந்தத் தின்னும் ஆசையை வைத்துத்தான் அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை மோந்து பழம், இறைச்சி கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். வீட்டிலும் அதே வழிதான். அடிக்காதீர்கள். அன்றாடத் தீனியிலேயே ஒரு பிடி எடுத்து அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். மூக்குக்கு வேலை கிடைத்தால் ஊளை தானாகக் குறையும்.

இன்னொன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதி. கண் திறந்த கையோடு காரில் வைத்துக் கைமாற்றுபவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்-7.